ஒரே கம்பெனி, இரண்டு டப்பா, இரண்டு விலை: ஸ்வீடனின் ஸ்னூஸ் சந்தையில் யாரோடு யார் போட்டி?

பின்னால் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் படிக்க வந்திருக்கும் ஒருவர், தெருமுனைக் கடையின் ஃப்ரிட்ஜில் ஜெனரல் என்ற ஸ்னூஸ் (உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் புகையிலை) டப்பா 55 குரோனாவுக்கும் (குரோனா ஸ்வீடனின் நாணயம்), இரண்டு தட்டு கீழே காலிபர் என்ற டப்பா 37 குரோனாவுக்கும் இருப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தேடினால் இரண்டும் ஸ்வீடிஷ் மேட்ச் என்ற ஒரே நிறுவனத்துடையவை. உடனே மூன்று சந்தேகம். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேதானா? இது போட்டியா, போட்டி மாதிரி ஒரு நாடகமா? 2024-ல் ஸ்னூஸ் வரியைக் குறைத்தார்களே, அந்தப் பணம் எங்கே போனது?

மூன்றாகக் கேட்டாலும் உண்மையில் கேட்டது ஒன்றுதான்: இந்த டப்பாவின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதோ. சரக்கு ஒன்றல்ல. ஆனால் சரக்கில் உள்ள வித்தியாசம் 18 குரோனா பெறாது. போட்டி உண்டு, ஆனால் நீங்கள் பார்த்த அந்த இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் இல்லை. கீழ்த்தட்டில் இருக்கும் மலிவு டப்பா, மேலே இருக்கும் விலை உயர்ந்த டப்பாவுக்குக் காவல் நிற்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளம்.

நான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2006 கடைசியில் கோத்தன்பர்க் வந்தேன். மூன்று வருடம் ஒரு சின்னக் கடையின் கல்லாவில். அதன் பிறகு, சிறு கடைகளுக்குச் சரக்கு போடும் ஒரு மொத்த விற்பனையாளரிடம் விலைப்பட்டியல் போடும் வேலை. புகையிலையும் மிட்டாயும் என் பொறுப்பு. ஆக, கடைக்கு வந்த பிறகு ஒரு டப்பாவுக்கு என்ன நடக்கிறது என்பது எனக்குக் கைப்பழக்கம். தொழிற்சாலைக்குள் இருக்கும் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை; அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து போட்ட கணக்கு.

ஸ்னூஸ் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. அரைத்த புகையிலை, தண்ணீர், உப்பு, சூடாக்கிப் பக்குவப்படுத்தியது. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார்கள், மெல்லுவதில்லை, பெரும்பாலும் துப்புவதும் இல்லை. உதிரியாகவும் வரும், 1973-க்குப் பிறகு தேயிலைப் பை மாதிரி சின்னப் பொட்டலமாகவும் வரும். ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஈரப்பதம் போனால் சரக்கு கெட்டது. வட்ட டப்பாவுக்கு இங்கே பெயர் 'டோசா'. எழுத்தில் பார்த்தால் நம் தோசை, வாயில் சொன்னால் 'டூசா'. முதல் வாரத்தில் ஒரு பெரியவர் கல்லாவுக்கு வந்து 'எத்தன் டோசா' என்று எழுதிய சீட்டை நீட்டியபோது நான் முழித்த முழி இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்து டோசா சேர்ந்த உருளைக்கு 'ஸ்டொக்', அதாவது மரக்கட்டை. சந்தையின் அடிப்படை அளவுகள் இந்த இரண்டும்தான்.

இப்போது பழைய கதை கொஞ்சம், ஏனென்றால் இன்றைய விலை அங்கேதான் தொடங்குகிறது. எத்தன் என்ற பிராண்ட் 1822-லிருந்து இருக்கிறது; பெயருக்கே 'ஒன்றாம் நம்பர்' என்று பொருள். ஜெனரல் 1866. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தனித்தனி முதலாளிகள். 1915-ல் ஸ்வீடன் அரசு, ராணுவச் செலவுக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் தேடி, புகையிலைத் தொழில் முழுவதையும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்தது. போட்டியாளர்களாக இருந்த பிராண்டுகள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். ஏகபோகம் 1960-களில் சட்டப்படி முடிந்தது. ஆனால் பிராண்டுகள் கலைந்து போகவில்லை. அந்த நிறுவனம் பல கை மாறி, 1996-ல் ஸ்வீடிஷ் மேட்ச் என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, எத்தன், ஜெனரல், கோத்தன்பர்க் ராப்பே, க்ரோவ் என்று ஸ்வீடன்காரன் தாத்தா காலத்திலிருந்து அறிந்த பெயர்கள் எல்லாம் அதன் பெட்டியிலேயே இருந்தன. ஏகபோகத்தைச் சட்டம் நீக்கியது. வாயின் பழக்கத்தை நீக்க முடியவில்லை. 2000 வாக்கில் விற்ற டப்பாக்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு நிறுவனத்தின் டப்பாதான்.

இதோடு இரண்டு வேலிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) 1992-ல் ஸ்னூஸ் விற்பனையைத் தடை செய்தது; 1995-ல் உறுப்பினராகச் சேர்ந்த ஸ்வீடன் தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2004-லும் 2018-லும் அந்தத் தடையை உறுதி செய்துவிட்டது. எனவே இந்தச் சரக்குக்குச் சந்தை என்றால் ஒரு கோடி பேர் உள்ள ஸ்வீடனும் பக்கத்து நார்வேயும்தான் பெரும்பாலும். இரண்டாவது வேலி, விளம்பரத் தடை. தொலைக்காட்சியில் சொல்ல முடியாது, பேருந்து நிறுத்தத்தில் ஒட்ட முடியாது. புதிதாக ஒருவன் சந்தைக்குள் வந்தால், 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்ல அவனுக்கு இருக்கும் ஒரே வாய் விலைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜ் கதைக்குத் தேவைப்படும்.

புதியவர்கள் வந்தார்கள். 2002-ல் ஸ்க்ரூஃப் என்ற சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2008-ல் அதை இம்பீரியல் டொபாக்கோ முழுதாக வாங்கியது. மால்மோ நகரின் ஃபீட்லர் அண்ட் லுண்ட்கிரென் அதே 2008-ல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் போனது. ஜப்பான் டொபாக்கோ எல்டி என்ற மலிவு டப்பாவோடு நின்றது. பெயரே தெரியாத சின்னக் கம்பெனி என்று நாங்கள் நினைத்த ஜிஎன் டொபாக்கோ, என்ஷெப்பிங் ஊரிலிருந்து ஓடன்ஸ் என்ற பெயரில் மலிவாகவும் காரமாகவும் போட்டது. சிகரெட் விற்பனை இறங்குமுகம் என்று தெரிந்த பெரிய சிகரெட் கம்பெனிகள் எல்லாமே ஆளுக்கு ஒரு ஸ்னூஸ் கடை திறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வரிக்கு வருவோம். ஸ்னூஸ் விலையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. ஸ்வீடனில் ஸ்னூஸ் வரி விலையின் மேல் இல்லை, எடையின் மேல். கிலோவுக்கு இத்தனை குரோனா. நல்ல சரக்கோ மட்டமான சரக்கோ, காரமோ சப்போ, வரி ஒன்றே. எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர் என்பதால், தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம் என்று கடையில் கிண்டலாகச் சொல்வோம். அதற்கு மேல் 25 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), வரியின் மேலும் வரி.

கிலோவுக்கு 123 குரோனாவாக இருந்த வரி 2007 ஜனவரி 1 அன்று 246 ஆனது. சரியாக இரட்டிப்பு. ஒரே வருடம் கழித்து, 2008 ஜனவரி 1 அன்று 336. அன்றைய 50 கிராம் உதிரி டப்பாவுக்கு 336 என்ற கணக்கில் வரி மட்டும் 16 குரோனா 80 ஓரே (நூறு ஓரே ஒரு குரோனா). வாட் சேர்த்தால் 21 குரோனா. 24 கிராம் பொட்டல டப்பாவுக்கு வரி 8 குரோனா சொச்சம், வாட் சேர்த்து 10. இந்த ஒரு கணக்கிலிருந்தே பல விஷயம் விளங்கும். உதிரி வாங்குகிறவர் ஏன் பொட்டலத்துக்கு மாறினார், உதிரி டப்பா ஏன் 50 கிராமிலிருந்து 42 கிராமுக்கு இளைத்தது, பொட்டலம் ஏன் ஒரு கிராமிலிருந்து 0.9, 0.8 என்று மெலிந்தது. டப்பாவின் சுற்றளவு மாறவில்லை. கையில் எடுத்தால் எடை குறைந்தது தெரியாது. எழுத்தைப் படித்தால்தான் தெரியும். யாரும் படிப்பதில்லை.

மலிவு டப்பாவுக்கும் உயர்ந்த டப்பாவுக்கும் இந்த வரி என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு உதாரணம் போடுகிறேன். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை, வரி மட்டும் 2008-ன் உண்மையான வரி. இரண்டு டப்பா, இரண்டும் 24 கிராம், ஒன்று 30 குரோனா, இன்னொன்று 45. வாட்டை எடுத்தால் 24-ம் 36-ம். வரி 8-ஐக் கழித்தால் 16-ம் 28-ம். அந்த 16-லும் 28-லும்தான் கடைக்காரர், மொத்த விற்பனையாளர், தயாரிப்பாளர் எல்லோரும் சாப்பிட வேண்டும். வாங்குகிறவர் கண்ணில் விலை ஒன்றரை மடங்குதான் அதிகம். உள்ளே பங்கு போடுகிறவர்களுக்கோ ஒன்றே முக்கால் மடங்கு அதிகம். டப்பாவும் மூடியும் லாரிக்கூலியும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புகையிலை இலையில் வித்தியாசம் இருக்கும், மறுக்கவில்லை. கலவையும் வாசனையும் வேறு. ஆனால் 24 கிராமில் பாதி தண்ணீர், கொஞ்சம் உப்பு. மிச்சம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிராம் இலையில் எவ்வளவு உயர்ந்த ரகம் போட்டாலும் 12 குரோனா வித்தியாசம் வராது. இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு இதில் பெரிய சந்தேகம் இல்லை. உயர்ந்த டப்பாவின் லாபம் அதன் பெயரில் இருக்கிறது.

இங்கே ஒரு புதிர் உண்டு. எடை வரி ஏறினால் இரண்டு டப்பாவிலும் ஒரே அளவு ஏறும். மேலே சொன்ன 30, 45 இரண்டிலும் 5 ஏற்றிப் பாருங்கள்: 35, 50. ஒன்றரை மடங்கு வித்தியாசம் குறைந்துவிட்டது. அப்படியானால் வரி ஏறும்போது ஜனங்கள் உயர்ந்த டப்பாவை நோக்கித்தான் நகர வேண்டும். பொருளாதாரப் பாடம் அப்படித்தான் சொல்லும். நடந்ததோ நேர்மாறு. 2007, 2008-க்குப் பின் மலிவு டப்பாக்கள்தான் கிடுகிடுவென வளர்ந்தன. ஸ்வீடிஷ் மேட்ச்சின் சந்தைப் பங்கு 2010-களின் நடுவில் சுமார் எழுபது சதவீதத்துக்கு வந்துவிட்டது.

ஏன்? என் அனுபவத்தில் இரண்டு காரணம். ஒன்று, வரி ஏறியதை எல்லோரும் ஒரே மாதிரி விலையில் ஏற்றவில்லை. மலிவுக்காரர்கள் வரியில் ஒரு பகுதியைத் தாங்களே விழுங்கிக்கொண்டார்கள். வளர வேண்டும் என்ற பசி. உயர்ந்த பிராண்டுகள் வரி ஏற்றத்தின் நிழலில் தங்கள் விலையையும் கொஞ்சம் சேர்த்து ஏற்றின. திட்டு அரசாங்கத்துக்குப் போகும். உலகம் முழுக்கப் புகையிலைக் கம்பெனிகளின் பழைய வழக்கம் இது. இரண்டாவது காரணம் கல்லாவில் நின்றவனுக்குத் தெரிந்தது. தினமும் ஒரு டப்பா வாங்குகிறவர் சதவீதம் பார்ப்பதில்லை. மாதக் கணக்கு ஒரு நாள் திடீரென்று உறைக்கும். எங்கள் கடைக்கு வந்த டிராம் ஓட்டுநர் ஒருவர், இருபது வருடமாக ஜெனரல். விலை ஏறிய வாரம் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார், குளிர் எல்லாம் வெளியே போகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு மலிவு டப்பாவை எடுத்து, மோந்து பார்க்க முடியாதே என்று சிரித்துவிட்டு, அதையும் வாங்கினார், ஜெனரலையும் வாங்கினார். அடுத்த வாரம் மலிவு மட்டும். சனிக்கிழமைக்கு மட்டும் ஜெனரல்.

அந்த ஓட்டுநர்தான் கம்பெனியின் தலைவலி. அவர் ஒருமுறை போனால் போனவர்தான். நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். அவரைத் தக்கவைக்க ஜெனரலின் விலையைக் குறைக்கலாம். ஆனால் ஜெனரலுக்கு விலையைக் குறைத்தால், போகவே போகாத ஒன்பது பேருக்கும் சேர்த்துக் குறைத்த மாதிரி. ஒருவரைப் பிடிக்க ஒன்பது பேருக்குத் தள்ளுபடி. அதற்குப் பதில், தானே ஒரு மலிவு டப்பாவை வைத்துவிட்டால்? போகிறவர் போகட்டும், ஆனால் நம் வீட்டுத் திண்ணையிலேயே இறங்கட்டும். குரோனன், பிறகு காலிபர், இரண்டும் ஸ்வீடிஷ் மேட்ச்சின் இந்தத் திண்ணைகள். இம்பீரியலுக்கு மேலே ஸ்க்ரூஃப், கீழே நாக்ஸ். பிரிட்டிஷ் அமெரிக்கனுக்கு மேலே லுண்ட்கிரென்ஸ், கீழே கிரானிட். எல்லா வீட்டிலும் இதே அமைப்பு. ஆகவே நீங்கள் பார்த்த காலிபர், ஜெனரலோடு போட்டி போடவில்லை. அது நாக்ஸோடும் கிரானிட்டோடும் எல்டியோடும் மோதுகிறது.

இதில் கம்பெனிக்கு ஒரு கத்தி மேல் நடை இருக்கிறது. மலிவு டப்பா மிக நன்றாக இருந்துவிடக் கூடாது, இருந்தால் ஜெனரல்காரர்களே இறங்கிவிடுவார்கள். மிக மட்டமாகவும் இருந்துவிடக் கூடாது, இருந்தால் இறங்குகிறவர் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். விலை இடைவெளியும் அப்படித்தான். நான் விலைப்பட்டியல் போட்ட காலத்தில், உயர்ந்த டப்பாவில் ஒரு குரோனா ஏற்றினால் கடைக்காரர்கள் பேசாமல் இருப்பார்கள். மலிவு டப்பாவில் ஐம்பது ஓரே ஏற்றினால் அன்று மதியமே ஃபோன் வரும், எதிர்க்கடையில் இத்தனைக்குக் கிடைக்கிறதே என்று. மலிவுப் பிரிவில்தான் உண்மையான விலைச் சண்டை. மேல்தட்டில் அமைதி.

இப்போது ஃப்ரிட்ஜ். எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த பகுதி இதுதான், நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ கண்ணாடிக் கதவு வைத்த ஒரு குளிர்பெட்டி. பெரும்பாலான சின்னக் கடைகளில் அது கடைக்காரருடையது அல்ல; தயாரிப்பாளர் கொடுத்தது. சின்னக் கடைக்காரருக்கு இது பெரிய உதவி, சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. பதிலுக்கு எந்தத் தட்டில் எந்த டப்பா என்பதில் கொடுத்தவருக்கும் ஒரு பேச்சு உண்டு. கண் மட்டத்துத் தட்டு தங்கம். முழங்கால் மட்டத்துத் தட்டில் இருக்கும் டப்பாவைத் தேடி வருகிறவர் மட்டும்தான் எடுப்பார். சந்தையில் பெரியவன் யாரோ அவனுடைய ஃப்ரிட்ஜ்தான் நாடு முழுக்க நின்றது. அதாவது போட்டியாளர்களின் டப்பாக்களும் அவன் வீட்டு அலமாரியில்தான் குடியிருந்தன.

விளம்பரம் கூடாது என்றேன் அல்லவா. தட்டின் விளிம்பில் செருகும் விலைத்துண்டுதான் புதியவர்களுக்கு மிஞ்சியிருந்த விளம்பரப் பலகை. மஞ்சளில், சிவப்பில், பெரிய எழுத்தில் விலை போட்டுச் செருகுவார்கள். 2012-ல் ஸ்வீடிஷ் மேட்ச் ஒரு விதி கொண்டுவந்தது. தன் ஃப்ரிட்ஜ்களில் எல்லா விலைத்துண்டுகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: சாம்பல் நிறம், ஒரே எழுத்து, பெயரும் விலையும். தன்னுடைய டப்பாக்களுக்கும் அதே விதிதான். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். கண்ணுக்கும் ஒழுங்காக இருக்கும். ஆனால் நூறு வருடம் பழகிய பெயருக்குச் சாம்பல் நிறத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. 'நான் மலிவு' என்பதைத் தவிரச் சொல்ல வேறு சேதி இல்லாதவனுக்கு அந்த நிறம் வாயைக் கட்டுகிற துணி.

ஸ்வீடனின் போட்டி ஆணையம் இதை ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி வழக்குப் போட்டது. ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டு 3 கோடியே 80 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2018-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. குற்றம் போதுமான அளவுக்கு நிறுவப்படவில்லை, அபராதமும் இல்லை. ஆகவே சட்டப்படி ஸ்வீடிஷ் மேட்ச் தவறு செய்யவில்லை. இதை யாரும் திரித்துச் சொல்லக் கூடாது. கடைக்காரனாக நான் நினைப்பது வேறு. விலைத்துண்டின் நிறம் விற்பனையை மாற்றுமா என்று கேட்டால், கல்லாவில் நின்ற எவரும் மாற்றும் என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு மாற்றும் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது வேறு காரியம், அதில் ஆணையம் தோற்றது.

ஃப்ரிட்ஜ் வரை சரக்கைக் கொண்டுவருவதும் ஒரு கதவு. ஸ்வீடிஷ் மேட்ச்சுக்கு எஸ்எம்டி லாஜிஸ்டிக்ஸ் என்ற விநியோக நிறுவனம் இருந்தது. அது போட்டியாளர்களின் சரக்கையும் சேர்த்தே கடைகளுக்குப் போட்டது. 2022-ல் சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் ஸ்வீடிஷ் மேட்ச்சை வாங்க வந்தபோது, முதலில் பங்குக்கு 106 குரோனா, பிறகு 116 என்று ஏற்றிக் கிட்டத்தட்ட 1,600 கோடி டாலர் பேசியபோது, ஐரோப்பிய ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: அந்த விநியோக நிறுவனத்தை வேறு யாருக்காவது விற்றுவிட வேண்டும். பிராண்டுகளைப் பிரிக்கச் சொல்லவில்லை. லாரியைப் பிரிக்கச் சொன்னார்கள். இந்தச் சந்தையில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பிரஸ்ஸல்ஸுக்கும் தெரிந்திருக்கிறது.

ஃபிலிப் மோரிஸ் அவ்வளவு பணம் கொடுத்தது ஜெனரலுக்காக என்று நான் நினைக்கவில்லை. ஸின் என்ற வெள்ளைப் பொட்டலத்துக்காக. அதில் புகையிலை இலை கிடையாது. நிக்கோட்டின் உப்பும் செடி நாரும். அமெரிக்காவில் அது பறந்துகொண்டிருந்தது. ஸ்வீடனில் 2018 ஜூலையிலிருந்து இந்த வகைக்குத் தனி வரி, கிலோவுக்கு 200 குரோனா என்று தொடங்கியது. ஸ்னூஸ் வரியில் பாதி அளவு. பொட்டலமோ உலர்ந்தது, இறகு மாதிரி. 8 கிராம் டப்பா என்றால் வரி 1 குரோனா 60 ஓரே. அதே நேரத்தில் கடையில் விலை என்ன? ஸ்னூஸ் டப்பாவை ஒட்டித்தான். வரி பல குரோனா குறைவு, விலை அதே அளவு. நடுவில் இருக்கும் பணம் தயாரிப்பாளருக்கும் கடைக்கும். அதனால்தான் சில வருடங்களில் வெள்ளைப் பொட்டலத்தில் இத்தனை புதிய பெயர்கள் முளைத்தன. உள்ளே இடம் இருந்தது.

இணையக் கடைகளையும் விட்டுவிட முடியாது. ஸ்னூஸ்பொலாகெட் மாதிரியான கடைகளில் ஒரு டப்பா வாங்குகிறவர் குறைவு, ஸ்டொக் கணக்கில்தான் போகும். வீட்டு ஃப்ரீஸரில் அடுக்கிவைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அங்கே கண் மட்டத்துத் தட்டு இல்லை, விலை வாரியாக வரிசைப்படுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மலிவு பிராண்டுகளுக்கு அந்தப் பொத்தான் பத்து வக்கீலுக்குச் சமம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பர் 1 முதல் ஸ்னூஸ் வரியை 20 சதவீதம் குறைத்தார்கள், சிகரெட்டுக்கு ஏற்றினார்கள். புகைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வரட்டும் என்ற எண்ணம். (இந்தக் கொள்கை சரியா என்பதற்குள் நான் போகவில்லை. ஸ்னூஸும் பிடித்தால் விடாத பழக்கம்தான், உடலுக்கு நல்லது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விலை புரிய வேண்டும் என்று கேட்டீர்கள், வாங்கிப் பார்க்க அல்ல என்று நம்புகிறேன்.) 20 சதவீதம் குறைந்தது வரியில், விலையில் அல்ல. வரி, டப்பா விலையில் ஒரு பகுதிதான்; ஆகவே முழுதாக இறக்கினாலும் சில குரோனாதான் குறையும். அடுத்தது, தயாரிப்பாளர் விலையைப் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. விற்கும் விலை கடைக்காரர் இஷ்டம். மலிவுப் பிரிவில் எதிர்க்கடைக்குப் பயந்து இறக்குவார்கள். ஜெனரலில் அந்தப் பயம் இல்லை. உங்கள் தெருவில் எது நடந்தது என்பதை அங்கே இருக்கும் கடைகளின் எண்ணிக்கையை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்: ஒரே கடை என்றால் குறைவாக இறங்கியிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வரி, டப்பா கடையில் விற்கும்போது விழுவதில்லை. வரி கட்டாமல் வைத்திருக்கும் கிடங்கை விட்டு வெளியே வரும்போது விழுகிறது. எனவே நவம்பர் 1 அன்று காலை கடை ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாக்கள் எல்லாம் பழைய வரி கட்டியவை. 'பழைய சரக்கு தீரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் இதே நியாயம் வரி ஏறும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. 2007 டிசம்பர் 31 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று பகல் முழுக்க ஆட்கள் ஸ்டொக் ஸ்டொக்காக வாங்கிப் போனார்கள், நாளை விலை ஏறும் என்று. கடை யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவருடையது. பூட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இண்டைக்கு இரவே விலைத்துண்டு முழுக்க மாத்திப்போடு. விடிய வாற சனம் புது விலையைத்தான் பாக்கவேணும்" என்றார். வெளியே வாணவேடிக்கை வெடித்துக்கொண்டிருந்தது. நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் முட்டி போட்டு, விரல் மரத்துப்போக, பழைய வரி கட்டிய நூற்றுக்கணக்கான டப்பாக்களுக்கு முன்னால் புதிய வரியின் விலையைச் செருகிக்கொண்டிருந்தேன். நள்ளிரவுக்குள் முடிந்துவிட்டது.